கணக்கேடு மேடை ஏறட்டும்!

தூத்துக்குடியில், உப்புப் பண்டகசாலையிலே, கணக்கராக வேலை பார்த்தார் ஓர் இளைஞர். உப்பின் வரவையும் செலவையும் ஏட்டிலே பதித்து வந்த அவர், தமது 24-ஆம் வயதில் அந்த ஏட்டை மூடிவைத்தார். நாடக மேடையை நோக்கி நடந்தார். அவர்தான், நாடகத் தமிழின் தலைமையாசிரியர் என்று நாடு போற்றும் சங்கரதாசு சுவாமிகள். 1867-இல், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922-இல் புதுவையில் மறைந்தவர்.

வள்ளி திருமணம் தந்தார், பவளக்கொடி தந்தார், சத்தியவான் சாவித்திரி தந்தார். மக்கள் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தனர். பாடல்களை நெஞ்சிலே ஏந்திக்கொண்டு வீடு திரும்பினர். சிறுவர்களைக் கொண்டு நாடகக் குழு அமைத்து, டி. கே. எஸ். சகோதரர்கள் போன்ற கலைஞர்களை ஆளாக்கித் தந்தவரும் அவரே. அவர் புகழிலே ஓர் அணுவும் குறைக்க நாம் வரவில்லை. ஆனால், ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்த மேடையில் தேவர்கள் பேசினர், முனிவர்கள் பேசினர், முடிமன்னர்கள் பேசினர். அவர் மூடிவைத்தாரே அந்தக் கணக்கேடு, அது பேசியதா? உப்பு வாரியவன் பேசினானா? முத்துக்குளித்தவன் பேசினானா? புராணம் பாடிய மேடையிலே அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

கணக்கேடு என்று நாம் கூறுவது, வெறும் பணக்கணக்கை மட்டுமன்று. நீதிமன்றத்தின் தீர்ப்பு, கூண்டிலே நின்றவரின் சாட்சியம், விசாரணைக் குழுவின் அறிக்கை, அதிகாரியின் கடிதம், ஒற்றன் எழுதிய குறிப்பு ஆகிய இத்தனையும் சேர்ந்ததே ஒரு நாட்டின் கணக்கேடு. அதிலுள்ள சொற்களையே எடுத்து, வேண்டியதைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, நடிகர் வாயால் பேசவைப்பதை ஆவண நாடகம் என்பர். முத்தும் சங்கும் விளைந்த இந்தக் கடற்கரை, அத்தகைய நாடகத்துக்கும் விளைநிலம். விளைச்சல் உண்டு, அறுவடைதான் போதவில்லை என்பது நமது முறையீடு.

வரலாற்று நாடகம் நமக்குப் புதிதன்று. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தை 1957-இல் சிவாஜி நாடக மன்றத்தார் மேடையேற்றினர். 1959-இல் அது திரைப்படமாயிற்று. 1960-இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவிலே, சிவாஜி கணேசன் சிறந்த நடிகருக்கான பரிசைப் பெற்றார். ஜாக்சன் துரையின் முன்னே பாளையக்காரர் நிமிர்ந்து நின்று முழங்கும் காட்சி வந்ததும் கொட்டகை குலுங்கிற்று. அந்த வசனத்தைப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்தோறும் ஒப்பித்தனர். கும்பினியார் இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சி, கோட்டை கட்டப்படுமுன்னரே மக்கள் மனத்தில் மீண்டும் எழுந்து நின்றது. 1974-இல் தமிழக அரசு அங்கே நினைவுக்கோட்டை எழுப்பியது பின்னர்தான். நாடகம் ஆற்றிய தொண்டு அது, மறுப்பார் இல்லை.

ஆனால், முழக்கம் முடிந்த பிறகு என்ன நடந்தது? கொட்டகையை விட்டு வெளியே வந்து, ஏட்டைப் புரட்டுவோம்.

1798. வரிப்பாக்கி 3310 பகோடா என்று கணக்குக் காட்டியது கும்பினி. இராமநாதபுரம் கலெக்டராக இருந்த ஜாக்சன், வந்து பார்க்குமாறு கட்டபொம்மனுக்கு ஆணையிட்டார். வந்தார் கட்டபொம்மன். குற்றாலத்தில் பார்க்க முயன்றார்; மறுக்கப்பட்டது. திருவில்லிபுத்தூரில் முயன்றார்; அங்கும் மறுப்பு. இறுதியில் செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில் சந்திப்பு. மணிக்கணக்கில் நிற்கவைத்தே கேள்வி கேட்டனர். கைது செய்யக்கூடும் என்ற நிலை வந்ததும் மோதல் மூண்டது. கோட்டை வாயிலில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார்; அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார்.

இதுவரை நாம் அறிந்த கதை. அடுத்த காட்சியை அறிந்தோர் குறைவு. நடந்ததை எழுதிச் சென்னை ஆட்சிக் குழுவிடமே முறையிட்டார் கட்டபொம்மன். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் என்னும் மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. கவர்னர் எட்வர்டு கிளைவ், தானாபதியை விடுவிக்கவும், ஜாக்சனைப் பணியிலிருந்து இடைநிறுத்தவும் ஆணையிட்டார். 1798 டிசம்பர் 15-இல் கட்டபொம்மன் குழுவின் முன்னே வந்து, இராமநாதபுரத்தில் நிகழ்ந்ததைக் கூறினார். குழு என்ன சொல்லிற்று? கட்டபொம்மன் குற்றமற்றவர் என்றது! ஜாக்சன் வேலையை இழந்தார். லூசிங்டன் புதிய கலெக்டரானார். பாக்கியின் பெரும்பகுதியைச் செலுத்தினார் கட்டபொம்மன். எஞ்சியது 1080 பகோடா.

இந்தக் காட்சியிலே முழக்கம் இல்லை. உருவிய வாள் இல்லை. ஒரு மேசை, மூன்று வெள்ளையர், கேள்வி, பதில், அவற்றைக் குறித்துக்கொள்ளும் எழுதுகோல், இவ்வளவுதான். ஆயினும், இதைவிட நெஞ்சை உலுக்கும் காட்சி வேறொன்று உண்டா? குற்றமற்றவர் என்று கும்பினியின் கையே எழுதிற்று. எழுதிய மை உலர்ந்து பத்தே மாதங்கள்! பாளையக்காரர்கள் ஒன்றுசேர்வது கண்டு கும்பினி அஞ்சிற்று. 1799 செப்டம்பர் 5-இல் பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிற்று. அக்டோபர் 16-இல், கயத்தாற்றில், கூடியிருந்த பாளையக்காரர்களின் கண்ணெதிரே, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். முழக்கம், வீரனின் நெஞ்சுரத்தைக் காட்டிற்று. ஏடு, ஆட்சியின் வஞ்சத்தைக் காட்டுகிறது. நியாயம் எது என்று தெரியாமல் அவர்கள் தூக்கிலிடவில்லை, தெரிந்தே தூக்கிலிட்டனர். இதைச் சொல்ல, எந்தப் புனைவசனத்தாலும் இயலாது.

பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகிலேயே இருக்கிறது ஒட்டப்பிடாரம். அங்கே 1872-இல் பிறந்தவர் வ. உ. சிதம்பரனார். அவருடைய வாழ்வோ, முழுக்க முழுக்க ஆவணங்களால் ஆன நாடகம். 1906 அக்டோபர் 16-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய்; பங்குகள் 40,000. பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி 2 இலட்சம் தந்தார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. வெள்ளையர் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டியிட்டது. நூல்களில் நாம் படிக்கும் பெருமிதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பங்குப் பட்டியலை மட்டும் மேடையிலே நிறுத்தி வாசித்தால் போதாதா? எந்த ஊரார், எந்தச் சமயத்தார், எந்தத் தொழிலார் 25 ரூபாய் போட்டனர் என்ற பட்டியலே, ஒரு மக்கள் அணிவகுப்பாகக் காட்சி தருமே!

1908 பிப்ரவரி 27. கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வும், வார விடுமுறையும் கேட்டனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். மார்ச் முதல் வாரத்திற்குள் ஆலை முதலாளிகள் இறங்கிவந்தனர். மார்ச் 12-இல் தலைவர்கள் கைதாயினர். மறுநாள், மார்ச் 13-இல், திருநெல்வேலி கொதித்தது. அரசு அலுவலகங்கள் எரிந்தன. துப்பாக்கிகள் வெடித்தன. நால்வர் உயிர் நீத்தனர். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார்: அரசநிந்தனைக்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்குத் துணைபோனதற்கு மற்றோர் ஆயுள் தண்டனை! மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவையிலும் கண்ணனூரிலும் சிறைவாசம். 1912 டிசம்பரில் விடுதலை. அதற்குள் கப்பலும் இல்லை, நிறுவனமும் இல்லை.

இந்த வழக்கில் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். தூத்துக்குடிக் கடற்கரையில் சிதம்பரனாரும் சிவாவும் ஆற்றிய உரைகளைக் குறிப்பெடுத்தவர்கள் யார்? காவல்துறையினர். எதற்காக? தண்டிப்பதற்காக. அந்தக் குறிப்புகளே வழக்கிலே சான்றாக வந்தன, ஏட்டிலே ஏறின, எரிக்க முடியாதவையாயின. பேச்சை அடக்க எழுதியவனே பேச்சைக் காத்துவிட்டான்! ம. பொ. சி. எழுதிய நூலை அடியொற்றி, 1961-இல் 'கப்பலோட்டிய தமிழன்' திரைக்கு வந்தது. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி, ஆவணங்களைத் தேடித் திரட்டி 1908-ஆம் ஆண்டு எழுச்சியை எழுதிய நூல், 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. ஏடு தேடும் வேலையை அறிஞர் செய்திருக்கின்றனர். ஏற்றும் வேலை, மேடைக்குரியது.

ஆவணம் என்றாலே உண்மை என்று நாம் ஏமாறலாகாது. எழுதத் தெரிந்தவன் எழுதியதே ஏடு. அதிகாரம் உடையவன் பாதுகாத்ததே ஆவணம். முத்துக்குளிப்பையே பாருங்கள். தர்ஸ்டன் எழுதினார், ஹார்னெல் எழுதினார். சிப்பி எத்தனை, தோணி எத்தனை, அரசுக்கு வருவாய் எவ்வளவு என்று நுணுக்கமாக எழுதினர். கல்லைக் காலில் கட்டி, மூச்சை அடக்கி, கடலடியில் இறங்கி எடுத்த சிப்பியில், மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளித்தவனுக்கு. அந்த ஒரு பங்கும் முழுதாகவா அவனுக்கு மிஞ்சிற்று? சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகக் கூறிய கடல்கட்டிக்கும் சிப்பி தரவேண்டியிருந்தது! கரையிலே நின்று மந்திரம் சொன்னவனுக்குப் பங்கு. கடலுக்குள் நின்று உயிரைப் பணயம் வைத்தவனுக்கு அச்சம். இவையெல்லாம் ஏட்டில் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே: குளித்தவனின் குரல். 1961-க்குப் பிறகு இந்தக் கரையிலே பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. குளித்தவர்களின் நினைவும் மூச்சும் ஒன்றாக அடங்கிவருகின்றன.

ஆகவே, ஆவண நாடகம் என்பது அதிகாரியின் ஏட்டுக்கு அடிமை ஆவதன்று. ஓர் ஏட்டின் முன்னே மற்றோர் ஏட்டை நிறுத்துவது. எழுதாமல் விட்ட இடத்தை வெற்றிடமாகவே காட்டி, ஏன் வெற்றிடம் என்று அவையோரைக் கேட்கவைப்பது. இதைச் செய்து காட்டியோர் வெளிநாட்டில் உளர். செருமனியின் பீட்டர் வைஸ், ஆஷ்விட்ஸ் கொலைக்களம் பற்றிய பிராங்க்பர்ட் வழக்கின் சாட்சியங்களிலிருந்து 'விசாரணை' என்ற நாடகத்தை ஆக்கினார். 1965 அக்டோபரில், ஒரே நாளில், செருமனியின் பல அரங்குகளில் அது நடைபெற்றது.

இங்கிலாந்திலே இதைத் தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர் ரிச்சர்டு நார்டன் டெய்லர். 'கார்டியன்' இதழின் செய்தியாளர் அவர். விசாரணைக் குழுக்களின் முன்னே அமர்ந்து செய்தி எழுதியவர், அங்கே கேட்ட சொற்களையே நாடகமாக்கினார். இலண்டனின் டிரைசிக்கிள் அரங்கில் நிக்கலஸ் கென்ட் அவற்றை இயக்கினார். 1993-இல், நிறவெறியர்களால் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞன் கொல்லப்பட்டான். அதைக் காவல்துறை எவ்வாறு விசாரித்தது என்பதை ஆராய்ந்த குழுவின் முன் வந்த சாட்சியமே, 1999-இல் 'நீதியின் நிறம்' என்ற நாடகமாயிற்று. புனைந்த வசனம் ஒன்றும் இல்லை. அதிகாரிகள் மழுப்பிய மழுப்பலே வசனம். மகனை இழந்த பெற்றோரின் சொல்லே வசனம்.

இன்னொன்று, நமக்கு மிக நெருங்கியது. 1972 சனவரி 30. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் சென்ற மக்கள்மீது பிரிட்டிஷ் படையினர் சுட்டனர். அன்று இறந்தோர் 13 பேர். காயமுற்ற ஒருவர் பின்னர் மாண்டார். அவ்வாண்டே தலைமை நீதிபதி விட்ஜரி அறிக்கை அளித்தார். சுட்டவர்மீது பெரும்பழி விழாமல் காத்தது அந்த அறிக்கை. மக்கள் ஓயவில்லை. 26 ஆண்டுகள் கழித்து, 1998-இல், சாவில் பிரபுவின் தலைமையில் புதிய விசாரணை ஏற்பட்டது. அறிக்கை வெளிவருமுன்னரே, 2005-இல், அதன் சாட்சியங்களை 'குருதி ஞாயிறு' என்ற நாடகமாக்கினார் நார்டன் டெய்லர். 2010 சூனில் சாவில் அறிக்கை வந்தது. சுட்டது நியாயமற்றது என்றது. பிரதமர் நாடாளுமன்றத்திலே மன்னிப்புக் கேட்டார். விட்ஜரி எழுதியதும் ஆவணம்; சாவில் எழுதியதும் ஆவணம். இரண்டுக்கும் இடையே 38 ஆண்டுகள் காத்திருந்தவர்கள், கண்ணீரோடு இருந்த தாய்மார்கள். மேடை தனியாக நின்று நீதி வாங்கித் தந்தது என்று நாம் கூறமாட்டோம், அது மிகை. ஆனால், நீதி வரும்வரை ஊர் உறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதிலே மேடைக்குப் பங்கு உண்டு.

நமக்கு மிக நெருங்கியது என்றோமே, ஏன்? தூத்துக்குடி வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் சென்றனர். காவல்துறை சுட்டது. 13 பேர் உயிரிழந்தனர். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் ஆணையம் அமைந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. 2022-இல் இறுதி அறிக்கை அளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறையினர் அளவு மீறினர் என்று கூறி, 17 பேர்மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது.

ஆயிரம் சாட்சிகள்! மீனவர், மாணவர், வணிகர், பெண்கள், அதிகாரிகள் என எத்தனை பேர், எத்தனை குரல்! 1908-இல் திருநெல்வேலியில் வீழ்ந்த நால்வரைப் பற்றி, அவர்தம் வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்க ஓர் ஆணையம் இருந்ததில்லை. முத்துக்குளித்தவனின் சொல்லை எழுத ஓர் எழுதுகோல் இருந்ததில்லை. 2018-க்கு அது கிடைத்திருக்கிறது. இந்தக் கரையின் நெடிய வரலாற்றிலே, எளியோரின் சொல் அவர்கள் சொன்னபடியே ஏட்டிலே ஏறியது மிக அரிது. அதை அலமாரியிலே வைத்துப் பூட்டிவிட்டால், எழுதியும் எழுதாததே, கேட்டும் கேளாததே.

மேடையைக் கண்டு ஆட்சிகள் அஞ்சுவதும் பழங்கதை. வங்கத்தில் அவுரித் தோட்ட உழவர் பட்ட துயரை, 1860-இல் தீனபந்து மித்திரர் 'நீலதர்ப்பண'மாக எழுதினார். அதன் ஆங்கில ஆக்கத்தை வெளியிட்டமைக்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் ஒரு மாதம் சிறையிருந்தார். 1876-இல் வந்தது நாடகத் தடைச் சட்டம். வெள்ளையன் போனான், சட்டம் போகவில்லை. 1954-இல், எம். ஆர். இராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய சச்சரவின் நடுவே, சென்னை மாநிலமும் தனக்கெனத் தனிச் சட்டம் செய்துகொண்டது. நாடகாசிரியர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கிற்று. 1876-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-இல் நீக்கப்பட்டது. இனி, சட்டத்தைச் சொல்லித் தப்ப வழியில்லை. எழுதாதது நம் குறை. ஏற்றாதது நம் குறை.

அடுக்குமொழி கேட்டுக் கைதட்டிப் பழகியவர்கள் நாம். அந்தக் கைதட்டலும் ஒரு காலத்தின் தேவை. அஞ்சிக் கிடந்தவனை நிமிரவைத்தது அது. ஆனால், வீரவசனம் கேட்டவன் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். சாட்சியம் கேட்டவன் அவ்வாறு போக இயலாது. கேட்ட கணமே அவன் தீர்ப்பாளி ஆகிவிடுகிறான். யார் சொல்வது மெய், யார் மறைக்கிறார், ஏன் மறைக்கிறார் என்று அவன் எண்ணத் தொடங்குகிறான். எண்ணத் தொடங்கியவனை ஏமாற்றுவது கடினம். பகுத்தறிவுக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் ஏது?

பெரிய அரங்கு வேண்டியதில்லை, பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு மேசை, நான்கு நாற்காலி, படிக்கத் தெரிந்த பத்து இளைஞர் போதும். கட்டபொம்மன் முன் அமர்ந்த மூவர் குழுவை ஓர் ஊரார் ஏற்றட்டும். பின்ஹேயின் நீதிமன்றத்தை ஒரு கல்லூரி ஏற்றட்டும். முத்துக்குளித்த முதியவர் எவரேனும் இருப்பின், அவரிடம் இன்றே சென்று, சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். அதுவே நாளைய ஏடு. ஆயிரம் சாட்சிகளின் சொல்லைத் தூத்துக்குடிக் கடற்கரையிலேயே, இழந்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, ஒருவர் பின் ஒருவராக நின்று வாசிக்கட்டும்.

உப்புப் பண்டகசாலையின் கணக்கேட்டை மூடிவிட்டு மேடைக்குப் போனார் சுவாமிகள். அவர் வளர்த்த மேடை நமக்கு மிஞ்சியிருக்கிறது. அவர் மூடிய ஏடும் நமக்காகக் காத்திருக்கிறது. திறப்போம்!